வீட்டுச் செடி பூக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பூக்காத பூச்செடி ஏதாவது இருக்கிறதா? கடையில் வாங்கும்போது அதில் நிறையப் பூ இருந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, இருந்த மொட்டுகள் மட்டும் மலர்ந்து உதிர்ந்திருக்கும். அதன்பின் மாதக்கணக்கில் இலை மட்டும்தான். தண்ணீர் ஊற்றியாயிற்று, உரமும் போட்டாயிற்று. செடி சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை.

ரஹாங், சிரம்பான் வட்டாரத்தில் பல குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கு முன்பு தோட்டத்தில் வாழ்ந்தவை. லயத்து வீட்டு வாசலில் மல்லிகையும் செம்பருத்தியும் காசித்தும்பையும் தாமாகப் பூத்துக் குலுங்கின. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிவந்தபோது, பல வீடுகளில் மல்லிகைப் பதியனும் கூடவே வந்தது. அதே செடி, அதே கை, அதே பக்குவம். ஆனால் சாமி படத்துக்கு வைக்க ஒரு பூகூடக் கிடைப்பதில்லை. "மண் சரியில்லை" என்பார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். கடைசியில் செடி குப்பைக்குப் போகிறது.

பெரும்பாலும் மண்ணின் மேல் தவறில்லை. மாறியது வெளிச்சம். அந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஆகவே இந்த வாரம் வெளிச்சத்தை எப்படி அளப்பது, அந்த அளவை வைத்துச் செடிக்கு எப்படி இடம் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

நம் கண்ணை நம்பலாமா?

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகலில் திறந்த திடலில் நேர் வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில் 10,000 முதல் 20,000 லக்ஸ் வரை இருக்கும். நல்ல வகுப்பறையில் மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் படிக்கப் போதும். வரவேற்பறையில் இரவில் விளக்குப் போட்டால் 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும்.

திடலிலிருந்து வகுப்பறைக்குள் நுழையும்போது வெளிச்சம் இருநூறு மடங்கு குறைகிறது. ஆனால் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. "கொஞ்சம் நிழல்" என்றுதான் தோன்றும். காரணம், கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. வெயிலில் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இருட்டில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் வரை விரிகிறது. விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் மங்கலான இடத்திலும் நம்மால் நன்றாகப் பார்க்க முடிகிறது.

செடிக்கு இந்த வசதி இல்லை. இலையில் வந்து விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவுதான் அதற்கு உணவு. நமக்குப் "பளிச்சென்று" தெரியும் வரவேற்பறை, மல்லிகைக்கு ஏறக்குறைய இருட்டறை.

வரவும் செலவும்

ஒளிச்சேர்க்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். கரியமிலவாயுவையும் நீரையும் கொண்டு, ஒளியின் ஆற்றலால் இலை சர்க்கரை தயாரிக்கிறது. இது செடியின் வரவு. ஆனால் செடிக்குச் செலவும் உண்டு. இலை, தண்டு, வேர் ஆகிய எல்லா உயிரணுக்களும் பகலிலும் இரவிலும் சுவாசிக்கின்றன. சுவாசத்தில் சர்க்கரை செலவாகிறது.

வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தால் செலவு வரவை மிஞ்சும். செடி தன் சேமிப்பைத் தின்று மெல்ல மெலியும். வெளிச்சம் ஓர் அளவை எட்டும்போது வரவும் செலவும் சமமாகும். இந்த அளவை ஒளி ஈடுசெய் புள்ளி என்கிறோம். நிழலில் வாழப் பழகிய செடியின் இலைக்கு இது 300 லக்ஸுக்கும் குறைவு. வெயிலில் வாழும் செடியின் இலைக்கு ஏறத்தாழ 500 முதல் 1,000 லக்ஸ் வரை ஆகும். இது ஓர் இலைக்கு மட்டுமான கணக்கு. வேரின் செலவையும் இரவு முழுவதும் நடக்கும் செலவையும் சேர்த்தால் முழுச் செடிக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் மட்டுமே சரியாக இருக்கும் குடும்பம் எப்படி நடந்துகொள்ளும்? பட்டினி கிடக்காது, ஆனால் கல்யாணச் செலவு செய்யாது. செடிக்குப் பூப்பது கல்யாணச் செலவு போன்றது. இதழ், தேன், மகரந்தம், பிறகு காய், விதை என்று எல்லாவற்றுக்கும் சர்க்கரை வேண்டும். மிச்சம் இருந்தால்தான் மொட்டு வரும். உயிரோடு இருக்கப் போதுமான வெளிச்சம் வேறு, பூக்கப் போதுமான வெளிச்சம் வேறு. "இலை பச்சையாகத்தானே இருக்கிறது" என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

இந்த நிலையில் கூடுதலாக உரம் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல். வெளிச்சம் குறைந்த செடி மெதுவாக வளர்கிறது. குறைவாகவே நீர் உறிஞ்சுகிறது. மிஞ்சிய நீர் மண்ணில் தேங்கி வேரை அழுகச் செய்யும். மிஞ்சிய உரத்தின் உப்பு வேரை எரிக்கும். பூக்கவில்லை என்ற கவலையில் கொடுக்கும் உபசாரமே செடியைக் கொன்றுவிடும்.

ரப்பர் தோட்டம் சொல்லும் பாடம்

நெகிரி செம்பிலானில் ரப்பர்க் கன்று புதிதாக நட்ட நிலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசைகளுக்கு இடையே பியூரேரியா, கலோப்போகோனியம் போன்ற அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படர விடுவார்கள். அவை மண் அரிப்பைத் தடுக்கின்றன. வேர் முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாவின் உதவியால் மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கின்றன. முதல் சில ஆண்டுகள் அவை நிலத்தையே மூடி வளரும்.

ஆனால் ஐந்து, ஆறு ஆண்டுகளில் ரப்பர் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். கீழே நிழல் விழும். அந்தக் கொடிகள் மெலிந்து மறையத் தொடங்கும். அந்த இடத்தைப் பெரணிகள் பிடித்துக்கொள்ளும். அதே மண், அதே மழை. மாறியது வெளிச்சம் மட்டும்தான். பெரணி நிழலில் பிழைப்பதற்கு ஏற்ற செடி. அது பூக்கவே பூக்காது, வித்துகளால் பெருகும்.

உங்கள் வீட்டின் கூரையும் சுவரும் அந்த ரப்பர் மரங்களின் கிளைகளைப் போல. வெயிலில் வாழ வேண்டிய செடியை நாம் முதிர்ந்த தோட்டத்தின் அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஏன் பூக்கவில்லை?" என்று கேட்கிறோம்.

இலையைப் பார்த்துச் செடியை அறியலாம்

ஒரு செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை அதன் இலையே ஓரளவு சொல்லிவிடும். இரண்டு ஆர்க்கிட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது வாண்டா மிஸ் ஜோக்கிம். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் கிடைத்த கலப்பினம் இது. 1893ஆம் ஆண்டு ஹென்றி ரிட்லி இதை உலகுக்கு அறிவித்தார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த இதே ரிட்லிதான் மலாயாவில் ரப்பர் நடும்படி ஊர் ஊராக வற்புறுத்தியவர். நம் முன்னோர் பால் மரம் சீவிய வரலாற்றில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1981இல் இந்த ஆர்க்கிட் சிங்கப்பூரின் தேசிய மலரானது. இதன் பெற்றோரில் ஒன்று பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த ஆர்க்கிட்; 'கிந்தா களை' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மிஸ் ஜோக்கிமின் இலை தட்டையாக இராது. பென்சில் போல உருண்டு இருக்கும். அப்படிப்பட்ட இலையில் வெயில் படும் பரப்பு குறைவு. நீர் ஆவியாவதும் குறைவு. முழு வெயிலைத் தாங்கும் அமைப்பு அது. நிழலில் வைத்தால் பச்சையாக உயரும், பூ வராது.

இரண்டாவது, சீனப் புத்தாண்டுக் காலத்தில் எல்லாக் கடைகளிலும் விற்கும் பட்டாம்பூச்சி ஆர்க்கிட். இதன் இனங்கள் சில நம் தீபகற்பத்துக் காடுகளிலும் உண்டு. இலை அகலமானது, கிடைமட்டமாக விரிந்திருக்கும். மரங்களின் இடையே கசிந்து வரும் கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ளும் அமைப்பு அது. இதை மதிய வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். தேவைக்கு மேல் வந்த ஒளியாற்றல் பச்சையத்தையே சிதைத்துவிடுகிறது.

இப்போது வீட்டில் வளர்க்கும் பூச்செடிகளை மூன்று குழுவாகப் பிரிக்கலாம்.

1. நிழல் விரும்பிகள்: ஆப்பிரிக்க வயலட், பட்டாம்பூச்சி ஆர்க்கிட், பீஸ் லில்லி. நேர் வெயில் வேண்டாம். ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும்.

2. நடுத்தரம்: ஆந்தூரியம், டென்ட்ரோபியம் ஆர்க்கிட். காலை இளவெயில் அல்லது நிழல்வலைக்குக் கீழ் வரும் ஒளி நல்லது. இவற்றுள் டென்ட்ரோபியத்துக்குச் சற்று அதிகம் வேண்டும்.

3. வெயில் விரும்பிகள்: மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ, அடேனியம், ரோஜா. தினமும் பல மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

எந்தச் சன்னல் நல்லது?

வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்கள் பலவற்றில் "தெற்குச் சன்னலில் வையுங்கள்" என்று இருக்கும். அது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கம்தான் நிற்கும். நமக்கு அது பொருந்தாது.

சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2.7 பாகையில் இருக்கிறது. மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் மத்தியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஜூன் மாதத்தில் அது வடக்குப் பக்கம் சாயும். டிசம்பரில் தெற்குப் பக்கம் சாயும். ஆகவே வடக்குச் சன்னலுக்கு ஒரு பருவமும் தெற்குச் சன்னலுக்கு ஒரு பருவமும் வெயில் முறை வைத்து வருகிறது. அப்போதும் நண்பகல் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால், கூரையின் நீட்சி அதை மறைத்துவிடும்.

வீட்டுக்குள் ஆழமாக நுழைவது தாழ்வான சூரியனின் ஒளிதான். அது காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் வருகிறது. கிழக்குப் பக்கம் இளவெயில், காற்றும் குளிர்ந்திருக்கும். பெரும்பாலான பூச்செடிகளுக்கு இதுவே பாதுகாப்பான இடம். மேற்குப் பக்கம் வெயிலோடு சூடும் சேரும். காகிதப்பூவும் அடேனியமும் அதைத் தாங்கும். பட்டாம்பூச்சி ஆர்க்கிட் தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டுக் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல; சிரம்பானில் பிற்பகல் 1.15 மணியை ஒட்டித்தான். உச்சி வெயிலை அளக்க விரும்பினால் அந்த நேரத்தில் அளவெடுங்கள்.

கருவி இல்லாமல் அளப்பது

வெளிச்சமான ஒரு நாளில், செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி கருமையான, கூர்மையான நிழல் விழுந்தால் அது வெயில் விரும்பிகளின் இடம். கையின் வடிவம் தெரிந்து ஓரங்கள் மங்கியிருந்தால் நடுத்தரம் அல்லது நிழல் விரும்பிகளின் இடம். நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் அங்கே எந்தப் பூச்செடியும் பூக்காது.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியின் முகம் வானத்தைப் பார்க்க, இலையின் உயரத்தில் வைத்து அளவெடுங்கள். ஒவ்வொரு கைப்பேசியும் சற்று வேறுபட்ட எண் காட்டும். எனவே எல்லா இடங்களையும் ஒரே கைப்பேசியால் அளந்து ஒப்பிடுங்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு நொடியில் எவ்வளவு ஒளி என்பது மட்டும் போதாது. நாள் முழுவதும் மொத்தம் எவ்வளவு என்பதுதான் செடிக்கு முக்கியம். மழைக்காலத்தில் வாளியில் நிறையும் நீரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கொட்டிய மழையும் நாள் முழுவதும் தூறிய மழையும் வாளியை ஒரே அளவு நிரப்பலாம்.

ஒளி, ஃபோட்டான்கள் என்னும் துகள்களாக வருகிறது. அவற்றைத் தோட்டக்கலை அறிஞர்கள் மோல் கணக்கில் எண்ணுகிறார்கள். நான்காம் படிவ வேதியியலில் வரும் அதே மோல்தான். ஒரு மோல் என்பது 6.02 × 10²³ துகள்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் ஒளி எத்தனை மோல் என்பதே செடியின் தினசரி வரவு. சூரிய ஒளிக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு:

தினசரி ஒளி (மோல்) = லக்ஸ் × மணி நேரம் ÷ 15,000

இது தோராயமான கணக்குத்தான். ஆனால் இடம் தேர்ந்தெடுக்கப் போதும். ஒரு வீட்டின் நான்கு இடங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அ) சன்னலிலிருந்து 3 மீட்டர் உள்ளே: 300 லக்ஸ் × 12 மணி = 3,600. அதை 15,000ஆல் வகுத்தால் 0.24 மோல்.

ஆ) சன்னல் ஓரம், நேர் வெயில் இல்லை: 3,000 லக்ஸ் × 12 மணி = 36,000. அதாவது 2.4 மோல்.

இ) கிழக்குப் பார்த்த அஞ்சடி: காலையில் 3 மணி நேரம் 40,000 லக்ஸ்; அது 120,000. மீதி 9 மணி நேரம் 5,000 லக்ஸ், அது 45,000. மொத்தம் 165,000. அதாவது 11 மோல்.

ஈ) திறந்தவெளி: சராசரி 40,000 லக்ஸ் × 12 மணி = 480,000. அதாவது 32 மோல்.

நிழல் விரும்பிகள் நன்றாகப் பூக்க நாளுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 மோல் வேண்டும். வெயில் விரும்பிகளுக்கு 12 மோலுக்கு மேல் வேண்டும். கூடக் கூட நல்லது. இப்போது எண்களைப் பாருங்கள். லயத்து வாசலில் மல்லிகைக்குக் கிடைத்தது 32 மோல். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் கிடைப்பது 0.24 மோல். நூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணேறும் இல்லை, கைராசியும் இல்லை, கணக்குத்தான் காரணம்.

மின்விளக்கு உதவுமா? 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் செடிக்கு 30 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டால் இலையில் ஏறத்தாழ 1,000 லக்ஸ் விழும். 12 மணி நேரம் எரிந்தாலும் ஒரு மோலைத் தாண்டாது. விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆப்பிரிக்க வயலட்டுக்கு இப்படிப் பல விளக்குகளை நெருக்கமாக வைத்தால் பயன் உண்டு. மல்லிகைக்கு ஒரு விளக்கு போதாது.

இரவுக்கும் ஒரு கணக்கு உண்டு

சில செடிகளுக்கு ஒளியின் அளவு மட்டும் போதாது. இரவு எவ்வளவு நீளம் என்பதையும் அவை கவனிக்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த ஒரு வகைப் புகையிலை கோடைக்காலத்தில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போனது. பிற்பகலில் அதை இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பகலைக் குறைத்தபோது பூத்தது.

நம் நாட்டில் இதைக் காண வேண்டுமானால் கேமரன் மலைக்குப் போகலாம். அங்கே இரவில் பல கொட்டகைகளில் விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்க்கலாம். உள்ளே வளர்வது செவ்வந்தி. நீண்ட இரவு கிடைத்தால் செவ்வந்தி பூக்கத் தொடங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். சிரம்பானில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு 20 நிமிடம்கூட இல்லை. அப்படியே விட்டால் செவ்வந்தி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். காம்பு குட்டையான பூவை விற்க முடியாது. அதனால் விவசாயிகள் முதல் சில வாரங்கள் இரவில் விளக்குப் போட்டு, நீண்ட இரவை இரண்டாக உடைக்கிறார்கள். தண்டு உயர்ந்தபின் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பிறகு மொட்டு வருகிறது.

இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்த இரவுக் கணக்கை வைத்திருக்கிறது. அதைக் குழப்பப் பெரிய வெளிச்சம் வேண்டியதில்லை. மங்கலான விளக்கொளியே போதும். ஆகவே உங்கள் வீட்டுச் செவ்வந்தி, கலஞ்சோ, பாயின்செட்டியா ஆகியவை இரவெல்லாம் எரியும் நடைவழி விளக்கின் கீழ் இருந்தால், பகலில் நல்ல வெயில் கிடைத்தாலும் பூக்காமல் போகலாம். இரவில் இருட்டாக உள்ள இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

வெப்பமும் சேரும். பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டின் கலப்பினங்கள் பூந்தண்டு விடச் சில வாரங்கள் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிர்ச்சி வேண்டும். அதனால் நம் சமவெளியில் வெளிச்சம் சரியாக இருந்தும் அவை மீண்டும் பூக்கத் தயங்குகின்றன. சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் இதற்கு நேர்மாறான வேடிக்கை காட்டும். திடீர் மழையில் காற்றுக் குளிர்ந்தால், ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து ஊரிலுள்ள புறா ஆர்க்கிட்டுகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும்.

இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

தண்டு நீண்டு, இலைகளுக்கு இடையே இடைவெளி கூடி, செடி சன்னல் பக்கம் சாய்ந்தால் அது வெளிச்சம் தேடுகிறது என்று பொருள். நிழல் பக்கத்தில் ஆக்சின் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கத்து உயிரணுக்கள் நீள்கின்றன. தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. இலை வெளுத்து, பழுப்புத் திட்டுகள் விழுந்தால் வெளிச்சம் அதிகம் என்று பொருள்.

உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, கருகிவிடும். முதல் சில நாள் காலை ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள். புதிதாக வரும் இலைகள் தடித்து, வெயிலுக்கு ஏற்றவையாக இருக்கும். மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும். எனவே வெயிலுக்கு மாற்றியபின் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெயிலுக்காகப் பூத்தொட்டியைச் சுற்றுச்சுவரின் மேல் ஒருபோதும் வைக்கக்கூடாது. மேல் மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரைக் குடிக்கும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

வீட்டில் வெயிலே இல்லையென்றால் என்ன செய்வது? வெளிச்சத்தைச் செடிக்கு ஏற்ப மாற்ற முடியாதபோது, செடியை வெளிச்சத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். சன்னல் ஓரத்தில் ஆப்பிரிக்க வயலட்டோ பீஸ் லில்லியோ வையுங்கள். பாட்டியின் மல்லிகையைக் குப்பையில் போடாமல் பள்ளித் தோட்டத்துக்கோ கோயில் நந்தவனத்துக்கோ கொடுங்கள். அங்கே அது பூக்கும். பாட்டிக்குப் பூவும் கிடைக்கும்.

செய்து பாருங்கள்

நோக்கம்: ஒளியின் அளவு காசித்தும்பை பூப்பதைப் பாதிக்கிறதா என்று ஆராய்தல்.

தேவையானவை: ஒரே அளவுள்ள 9 தொட்டிகள், ஒரே வகை மண், காசித்தும்பை விதைகள், அளவுகோல், லக்ஸ் செயலி உள்ள கைப்பேசி.

செய்முறை:

1. ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று விதை ஊன்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முளைக்க விட்டு, பிறகு தொட்டிக்கு ஒரு நாற்று மட்டும் விடுங்கள்.

2. மூன்று தொட்டிகளைத் திறந்தவெளியிலும், மூன்றை அஞ்சடியிலும், மூன்றை வீட்டுக்குள் சன்னல் ஓரத்திலும் வையுங்கள்.

3. வாரத்தில் ஒரு நாள் காலை 9, பிற்பகல் 1.15, மாலை 5 மணிக்கு ஒவ்வோர் இடத்திலும் லக்ஸ் அளவை எழுதுங்கள்.

4. வாரம் ஒருமுறை செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, முதல் மொட்டு வந்த நாள், பூக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். பத்து வாரம் தொடருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை நினைவுகூருங்கள். தற்சார்பு மாறி ஒளியின் அளவு. சார்பு மாறி பூக்களின் எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் மண், தொட்டி, விதை வகை. நீரைப் பற்றி மட்டும் யோசித்துச் செய்யுங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு நீர் ஊற்றினால், வெயிலில் உள்ளது வாடும். உள்ளே உள்ளது அழுகும். மண்ணின் ஈரம் ஒரே மாதிரி இருக்கும்படி, விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. வீட்டுக்குள் உள்ள காசித்தும்பை வெளியே உள்ளதைவிட உயரமாக வளர்ந்தால், அது அதிக நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா? காரணம் என்ன?

2. ஓர் இடத்தில் காலை 2 மணி நேரம் 45,000 லக்ஸும், மீதி 10 மணி நேரம் 3,000 லக்ஸும் கிடைக்கின்றன. தினசரி ஒளி எத்தனை மோல்? அங்கே எந்தக் குழுச் செடியை வைக்கலாம்?

3. ஒவ்வோர் இடத்திலும் ஒரு தொட்டிக்குப் பதில் மூன்று தொட்டி வைப்பது ஏன்?

4. உங்கள் வீட்டில் மூன்று இடங்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு பூச்செடியைப் பரிந்துரையுங்கள். அளவுகளையும் சேர்த்து எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.